மின்சார லாரிக்கு மத்திய அரசு மானியம்: முதல்முறை வாங்குபவர் எங்கே தொடங்குவது?

ஒரு மின்சார லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்ச ரூபாய் வரை மானியம் என்று மத்திய அரசு அறிவித்ததிலிருந்து, லாரி வைத்திருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அப்ளிகேஷன் எந்த ஆபீஸில் கிடைக்கும்?" என்பதுதான். எந்த ஆபீஸிலும் கிடைக்காது. இந்த மானியத்துக்கு நீங்கள் தனியாக மனு போடுவதில்லை. வண்டி வாங்கும்போதே விலையில் கழித்துக்கொண்டு பில் போடுவார்கள். கழித்த தொகையை வண்டி தயாரித்த கம்பெனி பிற்பாடு அரசிடம் வாங்கிக்கொள்ளும். உங்கள் வேலை ஷோரூமுக்குப் போவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை. அந்த வேலை என்ன, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மானியம் எவ்வளவு என்று முதலில் பார்த்து, வண்டியைப் பிடித்துப்போய், அட்வான்ஸும் கொடுத்துவிட்டு, அதன் பிறகு எந்த லோடுக்கு ஓட்டுவது, எங்கே சார்ஜ் போடுவது என்று யோசிக்கிறார்கள். மானியம் வண்டி விலையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. மீதி ஒன்பது பங்கை வண்டிதான் ஓடிச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும்.

திட்டம் என்ன, பணம் எவ்வளவு

திட்டத்தின் பெயர் பி.எம். இ-டிரைவ். மத்திய கனரகத் தொழில்கள் அமைச்சகம் நடத்துவது. 2024 செப்டம்பர் 29 அன்று அறிவிக்கையாகி, அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மொத்த ஒதுக்கீடு 10,900 கோடி ரூபாய். அதில் மின்சார லாரிகளுக்கு 500 கோடி. இதற்கு முன் இருந்த ஃபேம்-2 திட்டத்தில் ஸ்கூட்டர், ஆட்டோ, கார், பஸ் எல்லாம் இருந்தன, லாரி இல்லை. மத்திய அரசு லாரி வாங்கவே நேரடியாகப் பணம் தருவது இதுதான் முதல்முறை.

ஒதுக்கீடு 2024-இல் வந்தாலும் லாரிகளுக்கான வழிகாட்டு நெறிமுறைகள் 2025 ஜூலையில்தான் வெளியாயின. நாடு முழுக்கச் சுமார் 5,600 லாரிகளுக்கு இந்தப் பணம் போதும் என்பது கணக்கு. அதில் சுமார் 1,100 லாரிகளும் 100 கோடி ரூபாயும் டெல்லியில் பதிவாகும் வண்டிகளுக்கு என்று தனியாக வைத்திருக்கிறார்கள். அங்குள்ள காற்றின் நிலை அப்படி. முதலில் 2026 மார்ச் வரை என்று இருந்த திட்டம், லாரிகளைப் பொறுத்தவரை 2028 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் அந்தத் தேதியை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். பணம் தீர்ந்தால் திட்டமும் முடிந்தது. முதலில் வந்தவருக்கு முதலில்.

லாரி மேல் ஏன் திடீரென்று இந்த அக்கறை? நாட்டில் ஓடும் வண்டிகளில் டீசல் லாரிகள் 3 சதவீதம்தான், ஆனால் போக்குவரத்தால் வரும் பசுங்குடில் வாயுக்களில் 42 சதவீதம் அவற்றிலிருந்துதான் வருகிறது என்று நெறிமுறைகளை வெளியிட்டபோது அமைச்சகம் சொன்னது.

உங்கள் வண்டி இந்த வளையத்துக்குள் வருமா?

இரண்டு வகை வண்டிகள்தான் இதில் சேரும். மொத்த எடை, அதாவது லோடோடு சேர்த்து, 3.5 டன்னுக்கு மேல் 12 டன் வரை இருந்தால் என்-2. 12 டன்னுக்கு மேல் 55 டன் வரை என்றால் என்-3. குட்டியானை மாதிரி சின்னச் சரக்கு வண்டிகள் 3.5 டன்னுக்குக் கீழே வருவதால் லாரி மானியம் கிடையாது. டிரெய்லர் வண்டி என்றால் இழுக்கும் டிராக்டர் தலைக்கு மட்டும்தான் மானியம். பின்னால் மாட்டும் டிரெய்லருக்கு ஒரு ரூபாயும் வராது.

சி.என்.ஜி., எல்.என்.ஜி. லாரிகளுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. ஹைட்ரஜன் லாரிகள் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் கீழ் சோதனை ஓட்டமாகப் பெரிய நிறுவனங்கள் வழியாக நடக்கின்றன. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவர் இப்போதைக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

வண்டி மின்சார வண்டியாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. அந்தக் குறிப்பிட்ட மாடல் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு உள்நாட்டு உதிரிப் பாகங்கள் எவ்வளவு, சோதனை மையத்தில் தேறியதா என்றெல்லாம் நிபந்தனைகள் உண்டு. அது கம்பெனியின் பாடு. நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: நீங்கள் வாங்கப்போகும் மாடலின் பெயர், அதே பேட்டரி அளவோடு, பி.எம். இ-டிரைவ் இணையதளத்தில் இருக்கிறதா? "அடுத்த மாதம் வந்துடும் சார்" என்று சேல்ஸ்மேன் சொன்னால், நீங்களும் அடுத்த மாதமே அட்வான்ஸ் கொடுங்கள்.

மானியக் கணக்கு

மூன்று கணக்கு போட வேண்டும். பேட்டரி கொள்ளளவில் ஒரு கிலோவாட் மணிக்கு 5,000 ரூபாய், இது ஒன்று. ஆலை விலையில், அதாவது வரி சேர்வதற்கு முந்தைய விலையில், 10 சதவீதம், இது இரண்டு. வண்டியின் எடைக்கு ஏற்ற உச்சவரம்பு, இது மூன்று. மூன்றில் எது குறைவோ அதுதான் உங்களுக்கு. கிலோவாட் மணி என்றதும் மிரள வேண்டாம், நம் வீட்டுக் கரண்ட் பில்லில் வரும் 'யூனிட்'தான் அது. 280 கிலோவாட் மணி பேட்டரி என்றால் 280 யூனிட் கரண்ட் பிடிக்கும் பேட்டரி.

உச்சவரம்பு மிகச் சிறிய என்-2 வண்டிக்கு 2.7 லட்சத்தில் தொடங்கி, என்-3 வகையில் 9.6 லட்சம் வரை போகிறது. ஒரு பேச்சுக்கு, 280 யூனிட் பேட்டரியோடு ஒரு டிராக்டர் தலையின் ஆலை விலை 1 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரிக் கணக்கில் 14 லட்சம் வருகிறது. விலைக் கணக்கில் 10 லட்சம். ஆனால் உச்சவரம்பு 9 லட்சத்துச் சொச்சத்தில் நின்றுவிடுவதால் அதுதான் கிடைக்கும். இன்னொரு பக்கம், 7 டன் வண்டி ஒன்று, 60 யூனிட் பேட்டரி, ஆலை விலை 25 லட்சம் என்று எடுத்துக்கொண்டால் பேட்டரிக் கணக்கில் 3 லட்சம், உச்சவரம்பு 2.7 லட்சம், விலைக் கணக்கில் 2.5 லட்சம். கிடைப்பது இரண்டரை லட்சம்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது. பெரிய வண்டியில், மானியம் கூடுதலாகக் கிடைக்கும் என்று நினைத்துப் பெரிய பேட்டரி மாடலுக்குப் போனால் கைக்காசுதான் போகும்; உச்சவரம்பைத் தொட்ட பிறகு ஒவ்வொரு கூடுதல் யூனிட்டும் முழுக்க முழுக்க உங்கள் செலவு. பேட்டரி அளவை ரூட்டை வைத்து முடிவு செய்யுங்கள், மானியத்தை வைத்து வேண்டாம்.

முதல் வேலை: ரூட்டை எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, இப்போது ஓடும் டீசல் வண்டியின் கடந்த மூன்று மாத டிரிப்புகளை எழுதுங்கள். எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், என்ன டன், திரும்பும்போது லோடா காலியா, ஏற்ற இறக்க எத்தனை மணி நேரம் நின்றது. டிரைவரிடம் கேட்டால் இதெல்லாம் சொல்லிவிடுவார். ஆனால் எழுதிப் பார்க்கும்போதுதான் உண்மை தெரியும்.

மின்சார லாரிக்குப் பிடித்தது ஒரே தடத்தில் போய்த் திரும்பி வரும் ஓட்டம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவட்டச் சாலை பிடித்து மீஞ்சூரில் இறங்கி, காட்டுப்பள்ளி அல்லது எண்ணூர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் இழுப்பது ஒரு நல்ல உதாரணம். தினம் அதே இடம், அதே தூரம். துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும்போது டீசல் வண்டி பத்தடி நகர்வதற்காக இன்ஜினை ஓடவிட்டபடி நிற்கும். மின்சார வண்டி நிற்கும் நேரத்தில் அநேகமாக எதையும் தின்பதில்லை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலைக்கு ஓடுவதும் இதே ரகம். மாறாக, நாமக்கல்லிலிருந்து டெல்லிக்கு லைன் ஓட்டுபவர், எந்த ஊரில் எந்த லோடு மாட்டும் என்று தெரியாமல் வாரக்கணக்கில் சுற்றுபவர், இப்போதைக்கு டீசலிலேயே இருப்பது நல்லது. மானியம் இருக்கிறதே என்பதற்காக இதில் இறங்கக் கூடாது.

தூரக் கணக்கு இப்படி. முழு லோடில் 55 டன் வண்டி கிலோமீட்டருக்குச் சுமார் 1.4 யூனிட் எடுக்கிறது என்று வைத்தால், 280 யூனிட் பேட்டரி காகிதத்தில் 200 கிலோமீட்டர் ஓடும். பேட்டரியை அடிவரை காலி செய்து ஓட்ட முடியாது. இருபது சதவீதம் கையிருப்பு வைத்தால் 160. அதாவது நடுவில் சார்ஜ் இல்லாமல் போய் 80, வர 80. காலியாகத் திரும்பினால் இன்னும் கொஞ்சம் நீளும்.

மேடு பள்ளமும் கணக்கில் வரும். மின்சார வண்டியில் இறக்கத்தில் மோட்டாரே பிரேக் பிடித்துக் கொஞ்சம் கரண்டைத் திருப்பிப் பேட்டரிக்கு அனுப்பும். தொப்பூர்க் கணவாய் மாதிரி நீள இறக்கத்தில் பிரேக் சூடேறுவது எவ்வளவு பயங்கரம் என்று அந்தப் பக்கம் ஓட்டியவர்களுக்குத் தெரியும். அங்கே இது பெரிய வசதி. ஆனால் மலை உச்சியிலேயே முழு சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்கினால் திரும்பி வரும் கரண்டை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடம் இருக்காது, அந்த பிரேக்கும் வேலை செய்யாது. டிரைவருக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

அடுத்தது காசு. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். மாதிரிக்கு நான் ஒன்று போடுகிறேன். டீசல் லிட்டர் 92 ரூபாய், மைலேஜ் 3 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 31 ரூபாய் போல ஆகிறது. கரண்ட் யூனிட் எல்லாம் சேர்த்து 12 ரூபாய் என்று வைத்தால் 1.4 யூனிட்டுக்கு 17 ரூபாய் போல. மிச்சம் கிலோமீட்டருக்குச் சுமார் 14 ரூபாய். ஆயில் சர்வீஸ், யூரியா செலவு இல்லாதது தனி. மாதம் 5,000 கிலோமீட்டர் ஓடினால் 70,000 ரூபாய் மிச்சம். ஒன்பது லட்ச ரூபாய் மானியம் என்பது இந்தக் கணக்கில் ஏறக்குறைய பதின்மூன்று மாத மிச்சம். அதே வண்டி மாதம் 2,500 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றால் மிச்சம் 35,000 ஆகிவிடும். விலை அதிகமான வண்டியின் டியூவுக்கு அது காணாது. எனவே நோட்டில் எழுதிய கிலோமீட்டர்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

இன்னொன்று, தூக்குசுமை. பேட்டரியின் எடையால் காலி வண்டியே ஓரிரு டன் கூடுதலாக இருக்கும். டன் கணக்கில் வாடகை வாங்குபவர் டெமோ வண்டியை எடைமேடையில் ஏற்றிக் காலி எடையைப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். பஞ்சு, பிளாஸ்டிக் சாமான், பார்சல் மாதிரி இடத்தை அடைக்கும் சரக்கு ஏற்றுபவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

இரண்டாவது வேலை: பழைய லாரியின் ஸ்கிராப் சான்று

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். ஸ்கூட்டருக்கோ ஆட்டோவுக்கோ இந்த நிபந்தனை இல்லை, லாரிக்கு உண்டு. ஒரு பழைய லாரி உடைக்கப்பட்டதற்கான சான்று இருந்தால்தான் மானியம். அந்தச் சான்றின் பெயர் டெபாசிட் சான்றிதழ். பேச்சில் சி.டி. என்கிறார்கள்.

காயலான் கடையில் வண்டியைக் கொடுத்து வாங்கிய ரசீது இதற்குச் செல்லாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக விதிகளின்படி பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில்தான் வண்டியை ஒப்படைக்க வேண்டும். எந்த மையம் எங்கே இருக்கிறது என்பதை அந்த அமைச்சகத்தின் பரிவாகன் இணையதளத்தின் ஸ்கிராப் பகுதியில் பார்க்கலாம். கொடுப்பதற்கு முன் வண்டியின் பேரில் எதுவும் தொங்கக் கூடாது: ஃபைனான்ஸ் முடிந்து ஆர்.சி.-யில் ஹைபோதிகேஷன், அதாவது வண்டி கடனில் இருக்கிறது என்ற குறிப்பு, நீக்கப்பட்டிருக்க வேண்டும், வரி பாக்கி, செலான் பாக்கி, வழக்கு எதுவும் இருக்கக் கூடாது. பழைய லாரிகளில் இதுதான் தலைவலி. எட்டு வருஷத்துக்கு முன் எங்கோ வேறு மாநிலத்தில் போட்ட ஓவர்லோடு செலான் ஒன்று அப்போதுதான் தலைகாட்டும். ஃபைனான்ஸ் கட்டி முடித்தும் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்காமல் விட்ட வண்டிகள் ஏராளம். வண்டியை ஸ்கிராப்புக்குக் கொடுக்கும் முடிவு எடுத்த அன்றே ஆர்.சி. நம்பரைப் போட்டு இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்.

மையம் வண்டியை எடுத்துக்கொண்டதும் இரும்புக்கான விலையைத் தந்து, வாகன் பதிவில் ஏற்றி, டெபாசிட் சான்றிதழை உங்கள் பெயருக்கு டிஜிட்டலாகத் தரும். நம்பர் பிளேட்டைக் கழற்றிக் கொடுத்தீர்களா, சேஸ் நம்பர் சரியாகப் பதிவானதா என்று நின்று பாருங்கள். ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் பின்னால் பி.எம். இ-டிரைவ் போர்ட்டல் ஏற்காது.

உடைக்கப் பழைய லாரி இல்லையென்றால்? வேறொருவரின் சான்றை வாங்கிக்கொள்ளலாம். டெபாசிட் சான்றிதழ் கைமாற்றக்கூடியது. அதற்கென்றே டிஜி-இ.எல்.வி. என்ற இணையச் சந்தை இருக்கிறது. புரோக்கர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பி.டி.எஃப். பிரதியை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். ஒருமுறை பயன்படுத்திய சான்று பதிவில் ரத்தாகிவிடும். உங்கள் கையில் இருக்கும் காகிதத்தில் அது தெரியாது.

இந்த வாய்ப்பு இருப்பதால் பழைய வண்டி வைத்திருப்பவரும் ஒரு கணக்குப் போடலாம். எஃப்.சி. (தகுதிச் சான்று) இருக்கும், நன்றாக ஓடும் லாரியை விற்றால் ஒரு விலை. உடைத்தால் இரும்பு விலை. விற்ற பணத்திலேயே வெளியே ஒரு சான்றை வாங்கிவிட முடிந்தால், ஓடுகிற வண்டியை எதற்கு உடைக்க வேண்டும்? எஃப்.சி.-க்கே லட்சக்கணக்கில் வேலை வைக்கும் வண்டி என்றால் யோசிக்காமல் ஸ்கிராப்புக்கு விடுங்கள்.

எந்த எடை லாரியின் சான்று உங்கள் புதிய வண்டியின் எடைக்குப் பொருந்தும் என்பதை, சான்று வாங்குவதற்கு முன் டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 12 டன் லாரியை உடைத்த சான்றோடு 55 டன் வண்டிக்கு மானியம் கேட்டுப் போய் நின்று பயனில்லை.

மூன்றாவது வேலை: கரண்ட்

280 யூனிட் பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து நிரப்ப 224 யூனிட் வேண்டும். 120 கிலோவாட் சார்ஜரில் இரண்டு மணி நேரம் போல ஆகும். 60 கிலோவாட் என்றால் நான்கு மணி நேரம். இரவு வண்டி நிற்கும் இடத்தில் 60 தாராளமாகப் போதும். பகலில் டிரிப்புக்கு நடுவே போட வேண்டியிருந்தால் 120 வேண்டும். ஒரு வண்டிக்காக 120-க்குப் போய்ப் பணத்தை முடக்குபவர்கள் இருக்கிறார்கள். வண்டி எங்கே, எத்தனை மணி நேரம் சும்மா நிற்கிறது என்பதை நோட்டில் பார்த்தாலே விடை கிடைக்கும்.

சொந்த ஷெட்டில் சார்ஜர் வைப்பதென்றால் மின்வாரியத்தில் தனி இணைப்புக்கு மனு போட வேண்டும். மின்வாகனச் சார்ஜிங்குக்கு என்று தனி இணைப்புக் கேட்க நுகர்வோருக்கு உரிமை உண்டு. 2024-இல் மத்திய மின்சார விதிகளில் செய்த திருத்தம் இதைச் சொல்கிறது. ஆனால் மின் லோடு ஒரு அளவைத் தாண்டினால் எச்.டி. என்னும் உயர் அழுத்த இணைப்பு, சொந்த டிரான்ஸ்ஃபார்மர் என்று செலவு வேறு தளத்துக்குப் போய்விடும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய டிமாண்ட் கட்டணமும் உண்டு. மனு, மதிப்பீடு, டெபாசிட், மீட்டர் என்று மாதங்கள் ஓடக்கூடிய வேலை இது. வண்டி புக் செய்வதற்கு முன் மனு போட்டுவிடுங்கள். வண்டி வந்து ஷெட்டில் நிற்கும், சார்ஜர் ஓடாது, டியூ மட்டும் ஓடும் என்ற நிலை வரவே கூடாது.

பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்கு 2,000 கோடி ரூபாய் தனியாக இருக்கிறது. அது நீங்கள் சொந்த ஷெட்டில் உங்களுக்கு மட்டும் வைக்கும் சார்ஜருக்கான பணம் என்று நினைத்துவிட வேண்டாம். லோடு கொடுக்கும் கம்பெனியின் வளாகத்திலேயே சார்ஜர் வைக்கச் சொல்லிப் பேசிப் பாருங்கள். வண்டி எப்படியும் அங்கே ஏற்ற இறக்க மணிக்கணக்கில் நிற்கிறது. பெரிய ஆலைகளுக்கு எச்.டி. இணைப்பு ஏற்கெனவே இருக்கும். அவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை. பேட்டரியையே சில நிமிடங்களில் மாற்றிக்கொள்ளும் மாடல்களும் சந்தையில் இருக்கின்றன. உங்கள் ரூட்டில் மாற்றும் நிலையம் இருந்தால்தான் அதனால் பயன்.

நான்காவது: லோடும் கடனும்

பேங்க்காரரும் ஃபைனான்ஸ்காரரும் மின்சார லாரி என்றால் தயங்குவார்கள். காரணம் எளிது: டியூ கட்டாமல் போனால் இழுத்துக்கொண்டு போய் விற்க, செகண்ட் ஹேண்ட் மின்சார லாரிக்கு இன்னும் சந்தை உருவாகவில்லை. அந்தத் தயக்கத்தை உடைக்கும் ஒரே காகிதம், லோடு கொடுப்பவர் தரும் ஒப்பந்தக் கடிதம். இத்தனை வருஷம், மாதம் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை டிரிப், இந்த வாடகை என்று எழுதியிருக்க வேண்டும். "வண்டி வாங்கிட்டு வாங்க, லோடு தர்றோம்" என்ற வாய்வார்த்தையை எந்த பேங்க்கும் எடுத்துக்கொள்ளாது; நீங்களும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இப்படி எழுதித் தரும் ஆட்கள் இப்போது கிடைக்கிறார்கள். கார்பன் கணக்குக் காட்ட வேண்டிய கட்டாயத்தில் சிமென்ட், ஸ்டீல், ஏற்றுமதி நிறுவனங்கள் மின்சார லாரி தேடுகின்றன. பொதுத்துறை உருக்கு நிறுவனமான செயில் 150 மின்சார லாரிகளைக் கொண்டுவருவதாகவும், வாடகைக்கு எடுக்கும் வண்டிகளில் குறைந்தது 15 சதவீதம் மின்சார வண்டிகளாக இருக்கும் என்றும் சொல்லியிருக்கிறது. ஆக, பேரம் பேசும்போது நீங்கள் கெஞ்ச வேண்டிய இடத்தில் இல்லை. டீசல் விலை ஏற்ற இறக்கத்துக்கு வாடகையைக் கூட்டிக் குறைக்கும் பழைய ஷரத்தை அப்படியே நகலெடுக்காமல், கரண்ட் கட்டண உயர்வுக்கு ஒரு ஷரத்து போடச் சொல்லுங்கள்.

வரியில் ஒரு லாபம் உண்டு. மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், டீசல் லாரிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம், அதற்கு முன் 28. உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்காத முறையில் ஜி.எஸ்.டி. கட்டும் லாரிக்காரருக்கு இந்த வித்தியாசம் அப்படியே கையில் நிற்கும். திரும்ப எடுப்பவருக்கு அவ்வளவு இல்லை. மின்வாகனக் கடன் வட்டிக்கு 80 இ.இ.பி. பிரிவில் கழிவு என்று பழைய கட்டுரைகளில் பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள். அது 2023 மார்ச்சுக்குள் அனுமதியான, தனிநபர் கடன்களுக்கானது.

வாங்கும் நாள்

சரி, ரூட் தேறியது, சான்று கையில் இருக்கிறது, மின்வாரிய மதிப்பீடு வந்துவிட்டது, கடிதமும் கடனும் தயார். இப்போது ஷோரூம்.

விலைப்பட்டியலில் ஆலை விலை, மானியம், ஜி.எஸ்.டி., பாடி, இன்சூரன்ஸ், சார்ஜர் எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். மானியம் என்ற வரி பில்லில் கழிவாகத் தெரிய வேண்டும். "முழுப் பணம் கட்டுங்க, மானியம் வந்ததும் உங்க அக்கவுண்ட்ல போட்டுடுறோம்" என்றால் எழுந்து வந்துவிடலாம். திட்டம் அப்படி இல்லை. விலையைக் குறைத்து விற்பதும் அரசிடம் திரும்பப் பெறுவதும் கம்பெனியின் பொறுப்பு.

டீலர் போர்ட்டலில் விவரங்களை ஏற்றியதும் உங்கள் ஆதாரைச் சரிபார்த்து ஒரு இ-வவுச்சர் உருவாகும். அதைத் தரவிறக்கும் இணைப்பு உங்கள் மொபைலுக்கு வரும். நீங்கள் கையெழுத்துப் போட்டு டீலரிடம் கொடுக்க, அவரும் கையெழுத்துப் போட்டுப் போர்ட்டலில் ஏற்றுவார். கம்பெனி அரசிடம் பணம் கேட்க இந்த வவுச்சர்தான் ஆதாரம். ஆதாரோடு இணைத்த மொபைல் நம்பர் இப்போதும் உங்கள் கையில் இருக்கிறதா என்று முந்தின வாரமே பார்த்துவிடுங்கள். மகன் எப்போதோ வாங்கிக்கொண்டு போன சிம்முக்கு ஓ.டி.பி. போய்க்கொண்டிருக்கும். ஆர்.சி., ஆதார், டெபாசிட் சான்றிதழ், கடன் அனுமதி எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பார்ட்னர்ஷிப் அல்லது கம்பெனி பெயரில் வாங்கினால் யார் கையெழுத்துப் போடுவது என்று தீர்மானக் கடிதம் முன்பே தயாராக இருக்கட்டும்.

வாரன்டியை வாய்வார்த்தையாக விடாதீர்கள். இந்தத் திட்டத்தில் மானியம் பெறும் லாரியின் பேட்டரிக்கு 5 ஆண்டு அல்லது 5 லட்சம் கிலோமீட்டர், வண்டிக்கும் மோட்டாருக்கும் 5 ஆண்டு அல்லது 2.5 லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை வாரன்டி தர வேண்டும் என்பது நிபந்தனை. நீங்கள் கேட்க வேண்டிய மேல் கேள்வி: பேட்டரி எத்தனை சதவீதம் கொள்ளளவுக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவீர்கள்? அந்த எண் வாரன்டி புத்தகத்தில் அச்சில் இருக்கிறதா? ஐந்து வருஷத்தில் வண்டியின் மறுவிற்பனை விலையைத் தீர்மானிக்கப்போவது அந்த ஒரு எண்தான்.

பதிவும் அதற்கு அப்புறமும்

ஆர்.டி.ஓ. ஆபீஸில் வேலை டீசல் வண்டியைவிடக் குறைவு. பேட்டரி வண்டிகளுக்கு பர்மிட் தேவையில்லை என்று 2018 அக்டோபரிலேயே மத்திய அரசு விலக்கு அளித்துவிட்டது. ஆர்.சி. வழங்கவும் புதுப்பிக்கவும் கட்டணம் இல்லை. இது 2021 ஆகஸ்ட்டில் வந்தது. நம்பர் பிளேட் பச்சைத் தளத்தில் மஞ்சள் எழுத்து. சாலை வரி மாநிலத்தின் கையில். தமிழ்நாடு தன் 2023 மின்வாகனக் கொள்கையில் முழு விலக்கு அறிவித்தது. ஆனால் இந்த விலக்கு காலக்கெடுவோடு வருவது, அவ்வப்போது நீட்டிக்கப்படுவது. நீங்கள் பதிவு செய்யும் தேதியில் அரசாணை நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேறு மாநிலத்தில் பதிவு செய்வதென்றால் அந்த மாநிலக் கொள்கையைத் தனியாகப் படிக்க வேண்டும். மாநில மானியம் இருந்தால் அதற்கான மனு பெரும்பாலும் உங்கள் பெயரில், தனி போர்ட்டலில், தனிக் கெடுவோடு இருக்கும்.

பர்மிட் இல்லை என்பதால் எல்லாமே இல்லை என்று நினைக்க வேண்டாம். எஃப்.சி., இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், ஓவர்லோடு அபராதம் எல்லாம் வழக்கம்போலத்தான். செக்போஸ்டில் பர்மிட் கேட்டு நிறுத்துவது இன்னமும் நடக்கிறது. விலக்கு அறிவிக்கையின் பிரதி ஒன்றை லேமினேட் செய்து கேபினில் வைத்துவிட்டால் டிரைவருக்கு வாக்குவாதம் மிச்சம்.

பில், இ-வவுச்சர் பிரதி, டெபாசிட் சான்றிதழ், ஆர்.சி. நாலையும் ஒரே ஃபைலில் போட்டு, ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி பதிவான பிறகும் சில மாதம் டீலரிடமிருந்து ஏதாவது ஒரு காகிதம் கேட்டு போன் வரலாம். கம்பெனிக்கு அரசிடமிருந்து பணம் வரும்வரை அவர்கள் தரப்பில் ஃபைல் மூடப்படுவதில்லை. அப்படிக் கேட்டால் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அரசு கிளெய்ம் தள்ளுபடியானால் வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டும் என்று ஒரு உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால், யார் தவறால் தள்ளுபடியானால் என்று அதில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். நீங்கள் கொடுத்த சான்று போலியாக இருந்தால் பொறுப்பு உங்களுடையது. மாடல் ஒப்புதலிலோ கம்பெனி ஏற்றிய விவரத்திலோ கோளாறு என்றால் அதற்கு நீங்கள் ஏன் கட்ட வேண்டும்?

முதல் மூன்று மாதம் தினமும் கிலோமீட்டர், யூனிட், லோடு மூன்றையும் அதே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். டிரைவருக்கு டீசல் வண்டி ஓட்டிய பழக்கம் போகக் கொஞ்ச நாள் ஆகும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் விதத்திலேயே யூனிட் கணக்கு நன்றாக மாறும். இரண்டாவது வண்டி வாங்குவதா, எந்த அளவு பேட்டரி வாங்குவது என்பதற்கு அந்த நோட்டுதான் பதில் வைத்திருக்கும். திட்டத்தில் பணம் மிச்சம் இருக்கும்போதே அந்த முடிவை எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.